வாடகைக்கு விட முதல் வீடு: பீடோங் பக்கத்துப் புதியவர்களுக்கு

அப்பா ரப்பர் தோட்டத்தில் 31 வருடம் பால் வெட்டினார். ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் லயத்து வீட்டைக் காலி செய்து, சாமான்களை ஒரே லோரியில் ஏற்றிக்கொண்டு மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் பீடோங் டவுனுக்கு வந்தோம். தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு வாடகை வீடு கிடைத்தது. மாதம் பிறந்து ஏழாம் தேதி வீட்டுக்காரர் வாசலுக்கு வருவார். அம்மா கொடுக்கும் காசை எண்ணி, சின்ன நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். கூரை ஒழுகுகிறது என்று சொன்னால் அந்த வாரமே ஆள் வரும். எட்டு வருடம் அந்த வீட்டில் இருந்தோம்.

இன்று எனக்கு இரண்டு வாடகை வீடுகள் இருக்கின்றன. இரண்டும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியவை. தெரிந்த பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள்: "அண்ணே, ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டா, லோன் தன்னால அடைஞ்சிடும்தானே?" நம் ஊர் வாடகைக்குப் பெரும்பாலும் அடையாது. கையிலிருந்து மாதாமாதம் கொஞ்சம் போட வேண்டியிருக்கும். எவ்வளவு போட வேண்டும், எத்தனை வருடம் போட முடியும் என்று முதலிலேயே எண்ணி வைத்துக்கொண்டவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள். எண்ணாதவர்கள் இரண்டாம் வருடமே விற்கப் பார்க்கிறார்கள்.

முதல் படி: குடிவரப்போகிறவரை நினையுங்கள்

வீடு பார்க்கப் போவதற்கு முன் ஒரு கேள்வி. இந்த வீட்டில் யார் குடியிருப்பார்கள்? பீடோங், செமிலிங் பக்கம் வாடகைக்குத் தேடுபவர்கள் ஒரு சில வகைதான். சுங்கைப் பட்டாணி தொழிற்சாலைகளில் வேலை செய்யும் கணவன் மனைவி. மாற்றலாகி வரும் ஆசிரியர்கள், தாதியர்கள். செமிலிங்கில் இருக்கும் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழக மாணவர்கள். எங்களைப் போல் தோட்டத்தை விட்டு வெளியே வரும் குடும்பங்கள்.

இவர்களால் எவ்வளவு கொடுக்க முடியும்? 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). ஒரே சம்பளத்தில் ஓடும் குடும்பம் வாடகைக்கு மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கினாலே 570 வெள்ளிக்குள்தான் வரும். இருவர் வேலைக்குப் போனால் ஆயிரத்தைத் தொடலாம். பிள்ளை சின்னதாக இருந்து, பார்த்துக்கொள்ள ஆளுக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்தால் அதுவும் இல்லை. இரட்டை மாடி வீட்டை வாங்கி, கடனைப் பார்த்து 1,500 வெள்ளி வாடகை சொன்னால், அந்த வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். உங்கள் லோன் எவ்வளவு என்பது வாடகைக்காரரின் கவலை இல்லை. அவர் தன் சம்பளத்தைப் பார்ப்பார், பக்கத்துத் தெருவில் என்ன வாடகை ஓடுகிறது என்று பார்ப்பார்.

மாணவர்களுக்கு அறை அறையாக விட்டால் கூட்டுத்தொகை அதிகம் வரும். ஆனால் கட்டில், அலமாரி, மின்விசிறி எல்லாம் நீங்கள் போட வேண்டும். விடுமுறை மாதங்களில் காலியாகக் கிடக்கும், தேய்மானமும் கூடுதல். முதல் வீட்டுக்கு நான் குடும்பத்தையே தேடச் சொல்வேன்.

இரண்டாம் படி: கணக்கு

இதை அவசரமில்லாமல் போடுங்கள். கணக்குக்காக, 180,000 வெள்ளிக்கு ஒரு பழைய ஒற்றை மாடி வரிசை வீடு, வாடகை மாதம் 750 என்று வைத்துக்கொள்வோம்.

வருட வாடகை 9,000. ஆனால் வருடத்தில் ஒரு மாதம் காலியாக இருக்கும் என்றே எழுதுங்கள். ஒருவர் போய் அடுத்தவர் வருவதற்கு அவ்வளவு நாள் ஆகிவிடும். 750 கழிந்தது. ரிப்பேருக்கு இன்னொரு மாத வாடகை, மேலும் 750. நில வரி, வீட்டு வரி, தீ காப்புறுதி எல்லாம் சேர்த்து 600 என்று போடுவோம். மிஞ்சுவது 6,900. மாதத்துக்கு 575 வெள்ளி. தரகர்கள் 9,000-ஐ 180,000-ஆல் வகுத்து "அஞ்சு பர்சன்ட் வருது" என்பார்கள். கையில் நிற்பது 3.8 விழுக்காடுதான்.

இப்போது கடன். விலையில் 90 விழுக்காடு, அதாவது 162,000 வெள்ளியை 4.25 விழுக்காடு வட்டியில் 30 வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 797. கிடைப்பது 575. மாதம் 222 வெள்ளி கைக்காசு போட வேண்டும், வருடத்துக்கு ஏறக்குறைய 2,660. இதே வீட்டுக்கு 30 விழுக்காடு முன்பணம் கட்டி 126,000 மட்டும் கடன் வாங்கினால் தவணை 620-க்கு இறங்கும். பற்றாக்குறை மாதம் 45 வெள்ளிதான்.

அந்த 222 வெள்ளி வீணாகிறதா என்றால், இல்லை. முதல் வருடத் தவணைகளில் ஏறக்குறைய 2,700 வெள்ளி அசலில் கழிகிறது. நீங்கள் போடும் கைக்காசு கிட்டத்தட்ட அப்படியே வீட்டுக்குள் சேமிப்பாகப் போகிறது. ஆனால் அது பூட்டின காசு. பிள்ளைக்கு உடம்புக்கு முடியாமல் போனால் சுவரைப் பெயர்த்து எடுத்துச் செலவழிக்க முடியாது.

அதனால்தான் நான் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன். ஊழியர் சேமநிதி 2023-க்கு 5.50 விழுக்காடும் 2024-க்கு 6.30 விழுக்காடும் லாப ஈவு கொடுத்தது. கூரை ஒழுகாது, வாடகைக்காரரைத் தேட வேண்டாம். கையில் 40,000 வெள்ளி இருந்து, அதைப் பத்து வருடத்துக்குத் தொடத் தேவையில்லை, மாதாமாதம் கொஞ்சம் போடவும் முடியும், ஊரும் வளரும் என்று நம்புகிறவருக்கு வீடு பொருந்தும். மற்றவர்களுக்குச் சேமநிதியில் கூடுதலாகப் போடுவது மேல். வீடு வைத்திருக்கும் நானே இதைச் சொல்கிறேன்.

ஏன் 40,000? முன்பணம் 18,000. உரிமை மாற்றத்துக்கான முத்திரை வரி முதல் 100,000-க்கு 1 விழுக்காடு, அதற்கு மேல் 500,000 வரை 2 விழுக்காடு. இந்த வீட்டுக்கு 2,600. கடன் பத்திரத்துக்கு அரை விழுக்காடு, 810. வழக்கறிஞர் கட்டணம் 1.25 விழுக்காடு என்ற கணக்கில் வாங்கும் பத்திரத்துக்கு 2,250, கடன் பத்திரத்துக்கு 2,025, அதன்மேல் சேவை வரி. 26,000 தாண்டிவிட்டது. மதிப்பீட்டுக் கட்டணம், சில்லறைச் செலவு, வையரிங், பெயின்ட், ஆறு மாதத் தவணைக்கான இருப்பு எல்லாம் சேர்த்தால் நாற்பதாயிரம் தொட்டுவிடும். ஆறு மாத இருப்பு இல்லாமல் வாங்கவே வேண்டாம்.

வட்டி ஏறினால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022 மே மாதத்திலிருந்து 2023 மே மாதத்துக்குள் அடிப்படை வட்டியை 1.75-லிருந்து 3.00 விழுக்காட்டுக்கு ஏற்றியது. நம் உதாரணக் கடனுக்கு வட்டி ஒரு விழுக்காடு ஏறினால் தவணை 895 ஆகும். வாடகைக்காரரிடம் போய் அந்த 98 வெள்ளியைக் கேட்க முடியாது.

அப்பா அம்மாவின் சேமநிதிப் பணத்தை முன்பணமாகப் போடாதீர்கள். தோட்டத்தில் உழைத்தவர்களுக்கு வேறு பிடிமானம் கிடையாது. உங்கள் சொந்த சேமநிதியிலிருந்து வீட்டுக்காக எடுப்பதானாலும், முதல் வீட்டை விற்ற பிறகுதான் இரண்டாம் வீட்டுக்கு எடுக்க விடுவார்கள். இன்னொன்று, மூன்றாவது வீட்டுக் கடனிலிருந்து பேங்க் 70 விழுக்காட்டுக்கு மேல் கொடுக்காது. 2010 நவம்பரிலிருந்து இதுதான் விதி.

மூன்றாம் படி: கிரான் (நில உரிமைப் பத்திரம்)

முதல் வீட்டுக்கு முன் நான் கிட்டத்தட்ட முன்பணம் கட்டிவிட்ட ஒரு வீடு உண்டு. விலை மலிவு, ரோட்டுக்குப் பக்கம். தரகர் ஒருவர், "பேரு மாத்த வேணாம் தம்பி, லாயர்கிட்ட ஒரு அக்ரிமெண்ட் போட்டா போதும்" என்றார். அந்த வார்த்தை உறுத்தியது. சுங்கைப் பட்டாணியில் நில அலுவலகத்துக்குப் போய்ச் சிறிய கட்டணம் கட்டி அதிகாரபூர்வ சாரியான் (நில உரிமை விவரங்கள் உள்ள தேடல் தாள்) எடுத்தேன். அது மலிவு விலை வீடு. மாநில அரசின் அனுமதி இல்லாமல் விற்கவோ மாற்றவோ கூடாது என்று உரிமைப் பத்திரத்திலேயே அச்சாகியிருந்தது. அப்படிப்பட்ட வீட்டைக் காகித ஒப்பந்தத்தில் வாங்கியிருந்தால், காசு என்னுடையது, வீடு சட்டப்படி வேறொருவருடையது.

அந்தத் தாளில் மூன்று இடங்களை விரல் வைத்துப் படியுங்கள். ஒன்று, ரிசாப் மெலாயு என்று இருக்கிறதா. கெடாவில் மலாய் ஒதுக்கீட்டு நிலம் நிறைய இருக்கிறது. அது நம் பெயருக்கு மாறாது. இரண்டு, நிரந்தர உரிமையா, குத்தகையா. குத்தகை என்றால் மீதி எத்தனை வருடம். மூன்று, கட்டுப்பாடுகளும் அடமானங்களும். பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) ஒதுக்கீட்டு வீடா என்பதையும் கேளுங்கள்.

முன்பணத்தைத் தனியாளின் கணக்கில் போடவே கூடாது. நெகோஷியேட்டர் (வீட்டுத் தரகு நிறுவனத்தின் ஆள்) என்று வருகிறவரிடம் பதிவு எண் உள்ள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். பணம் அவர் சார்ந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்குப் போக வேண்டும். ஏல வீடுகளைப் பற்றிக் கேட்பீர்கள். உள்ளே ஆள் குடியிருக்கும் வீடாக இருக்கலாம், உள்ளே போய்ப் பார்க்க முடியாது, கடன் கிடைக்காவிட்டால் கட்டிய வைப்புத்தொகையும் போய்விடும். முதல் வீட்டுக்கு வேண்டாம்.

நான்காம் படி: மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள்

வெயில் நாளில் எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். பலத்த மழை பெய்த மறுநாள் காலையில் போங்கள். வரவேற்பறையில் நிற்க வேண்டாம். நேராகப் பின்னால் குசினிக்குப் போய்ச் சிலிங்கைப் பாருங்கள். தேத்தண்ணி சிந்திக் காய்ந்ததுபோல் வளையம் வளையமாகக் கறை இருந்தால் ஓடு உடைந்திருக்கிறது. புதிதாக வெள்ளை அடித்திருந்தால் கையால் தடவிப் பாருங்கள், ஈரம் இருந்தால் குளிர்ச்சி தெரியும். பின்கதவு நிலையின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நான் வாங்கிய இரண்டாவது வீட்டில் விரல் உள்ளே போய்விட்டது. பெயின்ட் மட்டும் தோலாக நிற்க, உள்ளே மரம் முழுக்கக் கரையான் மண். அதைக் காட்டியே விலையில் 6,000 வெள்ளி குறைத்தேன். நிலை, கதவு, மருந்தடித்தல் எல்லாம் நாலாயிரத்துச் சொச்சத்தில் முடிந்தது.

எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டுத் தண்ணீர் வேகத்தைப் பாருங்கள். பிறகு எல்லாவற்றையும் அடைத்துவிட்டு வெளியே மீட்டரைப் பாருங்கள். முள் ஓடிக்கொண்டிருந்தால் தரைக்கடியில் எங்கோ கசிகிறது. மின்சாரப் பெட்டியைத் திறந்து வயர் எவ்வளவு பழசு என்று பார்க்க வையர்மேனைக் கூட்டிப் போங்கள், அவர் கூலி வீண் போகாது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். வெள்ளம் ஏறுமா, ராத்திரியில் குழாய்த் தண்ணீர் வராமல் போகுமா, முந்தி இருந்தவர்கள் ஏன் போனார்கள் என்றெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

ஐந்தாம் படி: ஆளைத் தேர்ந்தெடுப்பது, ஒப்பந்தம் எழுதுவது

வாடகைக்காரரை அவர் பேச்சை வைத்து எடை போடாதீர்கள். அடையாள அட்டை நகல், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, முந்தைய வீட்டுக்காரரின் தொலைபேசி எண், இந்த மூன்றையும் கேளுங்கள். கடைசியாகச் சொன்னதற்கு ஒரு அழைப்பு போட்டுப் பேசினால் பாதி விஷயம் தெரிந்துவிடும். ஆளின் இனத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தாதீர்கள். "இந்தியருக்கு இல்லை" என்று எழுதிய வாடகை விளம்பரங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது எப்படி வலிக்கும் என்று தெரிந்தவர்கள் அதையே இன்னொருவருக்குச் செய்யக்கூடாது.

நம் ஊர் வழக்கம் இரண்டு மாத வாடகை டெபாசிட், ஒரு மாத முன்வாடகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். உறவுக்காரராக இருந்தாலும் சரி. முத்திரை வரி கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. கட்டுவதும் பெரிய தொகை இல்லை. வருட வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும், ஒரு வருட ஒப்பந்தம் என்றால் 1 வெள்ளி, மூன்று வருடம் வரை என்றால் 3 வெள்ளி. மாதம் 750 வாடகைக்கு ஒரு வருடத்துக்கு 36 வெள்ளி, இரண்டு வருடத்துக்கு 108. முன்பு 2,400 வெள்ளி வரை விலக்கு இருந்தது. 2025 ஜனவரி முதல் அது இல்லை. கையெழுத்திட்ட 30 நாளுக்குள் கட்டிவிடுங்கள்.

யார் எதை ரிப்பேர் செய்வது என்று வெளிப்படையாக எழுதுங்கள். கூரை, குழாய், வையரிங் வீட்டுக்காரர் பொறுப்பு. பல்பும் அடைத்துக்கொண்ட சிங்க்கும் குடியிருப்பவர் பொறுப்பு. மின்சாரக் கணக்கை வாடகைக்காரர் பெயருக்கே மாற்றிவிடுங்கள். இதை நான் செய்யாமல் விட்டதால் பட்ட பாடு கீழே வருகிறது.

வெளிநாட்டுத் தொழிலாளர்களைத் தங்கவைக்கக் கூடுதல் வாடகை தருவதாகக் கம்பெனிகள் வரும். அப்படி விட்டால் 446-ஆம் சட்டம் குறுக்கே நிற்கும். ஒரு காலத்தில் தோட்டத்து வீடுகளுக்குத் தரம் வகுத்த 1990-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அது. 2020-லிருந்து எல்லாத் துறைத் தொழிலாளர் தங்குமிடத்துக்கும் விரிந்திருக்கிறது. முதலாளி தொழிலாளர் இலாகாவிடம் தங்குமிடச் சான்றிதழ் எடுக்க வேண்டும். சாதாரண வீட்டில் படுக்க ஆளுக்குக் குறைந்தது 3.6 சதுர மீட்டர் இடம் வேண்டும். சான்றிதழைக் கண்ணால் பார்க்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். உரிய ஆவணம் இல்லாதவர்களைத் தங்கவிட்டால் குடிநுழைவுச் சட்டம் வீட்டுக்காரரையும் பிடிக்கும்.

ஆறாம் படி: வாடகை நின்றால்

என் முதல் வாடகைக்காரர் 14 மாதம் ஒழுங்காகக் கட்டினார். பிறகு நின்றது. நாளைக்கு, அடுத்த வாரம் என்று மூன்று மாதம் ஓடியது. கோபத்தில் ஒரு சனிக்கிழமை பூட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வீட்டு வாசலுக்கே போய்விட்டேன். உள்ளே சோறு கொதிக்கிற வாசனை வந்தது. தெரிந்த வழக்கறிஞருக்கு அங்கிருந்தே அழைத்தேன். "பூட்டை மாத்தினீங்கன்னா தப்பு உங்க பேர்ல போயிடும் சார், வீட்டுக்குப் போங்க" என்றார்.

1950-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், பிரிவு 7(2) இதற்காகவே இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஒருவர் இருந்துகொண்டிருந்தால், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்றக் கூடாது. பூட்டை மாற்றுவது, மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்துவது, சாமானை வெளியே வைப்பது எதுவும் ஆகாது. சட்டத்தில் வீட்டுக்காரருக்கும் வழிகள் உண்டு. நிலுவை வாடகைக்காக, 12 மாதம் வரை, நீதிமன்றம் மூலம் அசையும் பொருள்களைப் பறிமுதல் செய்ய 1951-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இடம் தருகிறது. குத்தகை முடிந்தும் போகாதவரிடம் இரட்டை வாடகை கேட்க 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டம் இடம் தருகிறது. ஆனால் 750 வெள்ளி வாடகைக்கு வழக்கு நடத்தினால் செலவு நிலுவையைத் தாண்டிவிடும். அதனால் முதல் மாதம் தவறிய ஏழாம் நாளே எழுத்தில் கேளுங்கள், இரண்டாம் மாதம் நேரில் உட்கார்ந்து பேசுங்கள். மூன்றாம் மாதம் வரை விட்டது என் தவறு.

அன்று மாலை திரும்பிப் போய்ப் பேசினேன். தொழிற்சாலையில் ஆள்குறைப்பில் அவர் வேலை போயிருந்தது, சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார். டெபாசிட்டில் இரண்டு மாதம் கழித்துக்கொள்வது, மூன்றாம் மாதத்தை விட்டுக்கொடுப்பது, மாதக் கடைசிக்குள் வீட்டைக் கொடுப்பது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். சொன்ன நாளில் சாவியைக் கொடுத்தார். 640 வெள்ளி மின்சார பில் மட்டும் என் பெயரில் நின்றது. அதை நான் கட்டினேன்.

வரி, பிறகு விற்பது

வாடகை வருமானத்தை வருடாந்திர வரிப் பாரத்தில் காட்ட வேண்டும். கடன் வட்டி, நில வரி, வீட்டு வரி, தீ காப்புறுதி, ரிப்பேர் இவற்றைக் கழிக்கலாம். அசல் தவணையைக் கழிக்க முடியாது. முதல் வாடகைக்காரரைப் பிடிக்கக் கொடுத்த தரகும் கழியாது. ரசீதுகளை ஏழு வருடம் பத்திரமாக வையுங்கள். நான் வீட்டுக்கொரு பிஸ்கட் டின் வைத்திருக்கிறேன்.

விற்பதானால் வருடத்தை எண்ணிக்கொள்ளுங்கள். குடிமக்களுக்கு முதல் மூன்று வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு வரி, நான்காம் வருடம் 20, ஐந்தாம் வருடம் 15, ஆறாம் வருடத்திலிருந்து இல்லை. வாங்கும் செலவையும் இதையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்து வருடத்துக்குள் விற்க நேரும் வீட்டை வாங்காமலிருப்பதே நல்லது.

குடியிருப்பவர் போகும்போது

சாவி கொடுத்த அன்றே ஒவ்வொரு அறையையும், தண்ணீர், மின்சார மீட்டர் இரண்டையும் படமெடுத்து அவருக்கும் அனுப்பி வையுங்கள். போகும் அன்று அதே படங்களைத் திறந்துவைத்துக்கொண்டு இருவருமாக அறை அறையாக நடந்து பாருங்கள். சுவரில் ஆணி அடித்த ஓட்டை, மங்கிய பெயின்ட் எல்லாம் குடியிருந்ததன் தேய்மானம், அதற்குக் கழிக்காதீர்கள். உடைந்த கதவுக்கும் கட்டாத பில்லுக்கும் மட்டும் ரசீதோடு கழித்து, மீதி டெபாசிட்டை 14 நாளுக்குள் கணக்கில் போட்டுவிடுங்கள். போன வருடம் அப்படிக் காலி செய்த ஒரு தாதி, அடுத்த மாதமே தன்னோடு வேலை செய்யும் பெண்ணை என் வீட்டுக்கு அனுப்பி வைத்தார். அந்த வருடம் வீடு ஒன்பது நாள்தான் காலியாக இருந்தது.